ஏப்ரலை ஆனந்தமாகக் கழிக்க எளிய வழிகள்

வாழ்த்துகள்! மார்ச் 31 நள்ளிரவைத் தாண்டி முழுசாக வந்து சேர்ந்துவிட்டீர்கள். வவுச்சர்கள் கட்டுக்கட்டாக ஃபைலுக்குள் போய்விட்டன. டாலியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டன. மாதக்கணக்கில் பார்சல் இட்லியில் உயிர்வாழ்ந்த உங்களுக்குச் சென்னை இப்போது ஒரு மாதத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. விடியலில் குயில், மதியம் கடல்காற்று, தெருவெல்லாம் பூ. இதை முறையாக அனுபவிப்பது எப்படி? பதற வேண்டாம். பாதி உங்களுக்கே கைவந்த கலை. மீதியைச் சொல்லித் தருகிறேன்.

1. லீவில் கை வைக்காதீர்கள்.

ஏப்ரல் 1 அன்று வங்கிகளே ஆண்டுக் கணக்கைச் சாக்காக வைத்து வாடிக்கையாளருக்குக் கதவைச் சாத்திக்கொள்கின்றன. உங்களுக்கு அந்தச் சொகுசு வேண்டாம். மார்ச் மாத டிடிஎஸ் கட்ட ஏப்ரல் 30 வரை அவகாசம் இருக்கிறது. மாதம் முழுக்க அதை நினைத்துக் கவலைப்பட்டு, 30ஆம் தேதி ராத்திரி கட்டுங்கள். சேர்த்து வைத்த லீவை மே 4 வாக்கில் போடுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்குவதும் அப்போதுதான். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் ஆச்சு. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று வெயில் 45 டிகிரியைத் தொட்டிருக்கிறது. ஏப்ரலில் சராசரி உச்சமே 35ஐ ஒட்டித்தான். இந்தச் சில்லறை வெயிலுக்கா அருமையான லீவைச் செலவழிப்பது?

2. விடியலைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு விட்டுக்கொடுங்கள்.

ஆறு மணிக்கு மொட்டைமாடியில் சிலுசிலுவென்று காற்று அடிக்கும். அடிக்கட்டும். நீங்கள் பத்தரைக்கு எழுந்து, பதினொன்றுக்கு வாக்கிங் கிளம்புங்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி, "இந்த ஊர்ல மனுஷன் நடக்க முடியாதுப்பா" என்று அறிவித்துவிட்டு ஷூவை அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

3. கடல்காற்று வீட்டுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுதான் முக்கியமான பாடம், கவனமாகக் கேளுங்கள். வெயிலில் தரை சூடேறும், அதன் மேலிருக்கும் காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கிளம்பி வரும். ஏப்ரலில் பெரும்பாலும் மதியத்தை ஒட்டியே வந்துவிடும். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வறண்ட காற்று எதிர்த்து வீசி இதை மறிக்கும். அப்போது சாயங்காலம்வரை வழிமேல் விழிவைத்துக் காத்திருக்க வேண்டும், சில நாள் வராமலே ஏமாற்றும். ஆக, இது கிடைக்கும்போதே தடுத்தால்தான் உண்டு.

கிழக்கு ஜன்னலை மறைத்து பீரோவைப் போடுங்கள். ஏற்கெனவே போட்டிருப்பீர்கள், தெரியும். பிறகு ஏசி. நட்சத்திர முத்திரை பெற்ற ஏசி 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 முதல் விதி இருக்கிறது. ரிமோட்டை எடுத்து ஆறே ஆறு தடவை அழுத்துங்கள், 18 வந்துவிடும். இப்போது போர்வையைத் தேடுங்கள். ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லும்போது, வெயிலைத் திட்டுங்கள்.

4. கடற்கரைக்குப் போங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, காரில்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் போனால் பெசன்ட் நகரில் மணலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். அதில் என்ன சாதனை? ஞாயிறன்று பார்க்கிங் தேடிச் சுற்றுங்கள். கண்ணாடியை இறக்காதீர்கள், ஏசி வீணாகும். ஒருவழியாக இடம் கிடைத்ததும் மணலில் உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டி நாலு செல்ஃபி எடுத்து, ஆபீஸ் மெயிலைத் திறங்கள்.

5. மரங்களிடம் கண்டிப்பாக இருங்கள்.

இந்த மாதம் புங்கமரம் பொரி இறைத்ததுபோலத் தெருவில் பூவைக் கொட்டும். சரியாக அதன் அடியில் காரை நிறுத்துங்கள். காலையில் வைப்பரைப் போட்டுப் பூவை நசுக்கிவிட்டு, மரத்தை வெட்டச் சொல்லி அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நிழலே இல்லாத இடத்தில் பார்க்கிங் கொடுத்ததைக் கண்டித்து இரண்டாவது கடிதம்.

வேப்பம்பூ விவகாரத்தில் இன்னும் கறார் வேண்டும். மொட்டைமாடியில் விழுந்து கிடப்பதையெல்லாம் பெருக்கிக் குப்பையில் போடுங்கள். ஏப்ரல் 14 வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமென்று அம்மா 13ஆம் தேதி ராத்திரி நினைவுபடுத்துவார். உடனே போனை எடுத்து, பத்து நிமிடத்தில் வருகிற மாதிரி ஒரு பாக்கெட் ஆர்டர் பண்ணுங்கள். கூடவே வடாம் பாக்கெட்டும். அம்மாவே வடாம் இடுகிறேன் என்றால், மாடிச் சாவி செகரட்டரியிடம் இருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

6. பார்த்துச் சாப்பிடுங்கள்.

சாலையோரம் ஒருவர் நுங்கைச் சீவிக்கொண்டிருப்பார். கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட்டால் சட்டையில் சாறு தெறிக்கும். சூப்பர்மார்க்கெட்டில் தோலுரித்து, டப்பாவில் அடைத்து, குளிரில் விறைத்துக் கிடப்பதே கௌரவம். நுங்குத் தோலை வேர்க்குருவில் தேய்ப்பார்கள். நமக்குத்தான் பவுடர் டப்பா இருக்கிறதே.

தர்பூசணி வண்டி வாசலிலேயே நிற்கும்போது, அதில் சிவப்புச் சாயத்தை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்ற வீடியோவைக் குடும்ப குரூப்பில் போடுங்கள். 2025 ஏப்ரலில் இந்தப் பேச்சு பரவித் தமிழ்நாட்டில் தர்பூசணி விற்பனையே படுத்தது. விளைந்த பழத்தை வைத்துக்கொண்டு விவசாயிகள் திண்டாடினார்கள். ஒரு பழத்தைக்கூட வெட்டிப் பார்க்காமல் அதில் பங்களித்தவர்களில் நீங்களும் உண்டு, அடக்கத்தினால் வெளியே சொல்வதில்லை. வீடியோவைப் போட்ட கையோடு ஃப்ரிட்ஜிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது பாட்டிலை எடுத்துக் குடியுங்கள்.

மாம்பழத்தை மாதத் தொடக்கத்திலேயே, விலை உச்சியில் இருக்கும்போது வாங்கிவிடுங்கள். புளிக்கும். மே மாதம் பங்கனப்பள்ளி கூடைகூடையாக வந்து இறங்கும்போது, "மாம்பழம் சூடு" என்று ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கட்சிக்காரர்கள் திறக்கும் நீர்மோர்ப் பந்தலைப் பற்றிக் கேட்கிறீர்களா? பேனரை நின்று படிக்கலாம். படித்து முடிப்பதற்குள் பானை காலியாகியிருக்கும்.

7. இதெல்லாம் போதாவிட்டால் ஊட்டிக்கு ஓடுங்கள்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். 2025 கோடைக்கு நீலகிரியில் வார இறுதி நாளொன்றுக்கு 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அந்த வரிசையில் ஒரு வண்டியாக நின்று, சென்னை நெரிசலை மறந்து வாருங்கள்.

8. திங்கட்கிழமை லிஃப்டில்.

மேனேஜர், "வீக்எண்ட் எப்படிப் போச்சு?" என்பார். "செம ரிலாக்ஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ளுங்கள். பிறகு, சென்னைக்கு மூன்றே பருவம், வெயில், கடும் வெயில், கொடும் வெயில் என்ற அந்த ஜோக்கை எடுத்துவிடுங்கள். போன வருஷமும் இதே லிஃப்டில் இதே மேனேஜரிடம்தான் சொன்னீர்கள்; பரவாயில்லை, அவரும் ஏப்ரலில் வெளியே வந்தவரில்லை.