மருமகனே, உன் பொட்டி ஏன் தூங்கல?

வா மருமகனே, திண்ணையில உக்காரு. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்திருக்கே, ராத்திரி முழிச்சிருந்தது நீயா, உன் லேப்டாப்பா? ரெண்டு பேருமா? ரொம்ப நல்லது. ஹைபர்னேட் ஆக மாட்டேங்குதுன்னு நேத்து உங்க அம்மாகிட்டப் புலம்பினியாம். என் தங்கச்சி பாவம், புள்ளைக்குத்தான் ஏதோ சீக்குன்னு நெனச்சு சுக்குக் கசாயம் வச்சிட்டா. குடிச்சியா? குடிச்சிருப்பே. பொட்டிக்குக் குடுக்காம விட்டியே, அதுவரைக்கும் புண்ணியம்.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காதே. சிவகாசி அச்சாபீசுல காலண்டர் முருகனுக்கு வேல் வரைஞ்சதே கம்ப்யூட்டர்லதான். நீ ஐ.டி. கம்பெனிக்காரன். உனக்கு எல்லாம் தெரியும், தூங்க வைக்க மட்டும் தெரியாது. அதான் சர்வீஸ் கடைக்குப் போய் நின்னே. அவனும் பொட்டியத் திறந்துகூடப் பாக்காம "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்"னுட்டான். உன்னை சார்னு கூப்பிட்டான்ல, அப்பவே தலையாட்டியிருப்பியே!

மொதல்ல ஒரு சங்கதி. ஸ்லீப்பும் ஹைபர்னேட்டும் ஒண்ணுன்னுதானே நெனச்சிருக்கே? மளிகைக்கடைக் கணக்கப்பிள்ளை மத்தியானம் கல்லாவுலயே சாஞ்சு கண்ணசருவாரு பாரு, விளக்கு எரியும், பேரேடு விரிச்சபடி கெடக்கும். அது ஸ்லீப். அதே ஆளு ராத்திரி பாக்கி மீதியெல்லாம் நோட்டுல எழுதி வச்சு, விளக்கையும் அணைச்சு, பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டுப் போனா அது ஹைபர்னேட். 1996 டிசம்பர்ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ.ன்னு இதுக்கு விதி எழுதினாங்க. ராமுக்கு மட்டும் கரண்டு குடுத்துக் காத்திருந்தா எஸ்3, ராம்ல இருக்கிறதை டிஸ்க்ல எழுதிட்டு அணைஞ்சா எஸ்4, ஷட்டௌன் எஸ்5. விண்டோஸ்ல அந்த நோட்டுக்கு ஹைபர்ஃபில்.சிஸ்னு பேரு. சி டிரைவுல ஒளிஞ்சு உக்காந்திருக்கும்.

இப்பச் சொல்லு, தூங்கலைன்னா எப்படித் தூங்கல? மெனுவுல ஹைபர்னேட்டே காணோமா? தானாப் போக மாட்டேங்குதா? போயிட்டு உடனே எந்திரிச்சு உக்காருதா? இல்ல, போனது போனபடி கறுப்புத் திரையா நிக்குதா? நாலுக்கும் வைத்தியம் வேற வேற. நீ எல்லாத்துக்கும் "தூங்கல மாமா"ங்கிற. சின்ன வயசுலயும் இப்படித்தான், எங்க வலிச்சாலும் வயித்தவலின்னு சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன்.

பொட்டிக்கிட்டயே கேளு. கமாண்ட் பிராம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டரா தொற. பவர்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒட்டினாப்ல சி, எஃப், ஜி. ஒரு இடம் விட்டு சாய்வுகோடு, அதோட ஏ. எந்தெந்தத் தூக்கம் தனக்கு வரும், எது வராது, ஏன் வராதுன்னு வரிசையா ஒப்பிச்சிரும். உன்னை மாதிரி மழுப்பாது.

ஹைபர்னேட் எனேபிள் ஆகலைன்னு அது சொன்னா, யார் அணைச்சதுன்னு நான் கேக்கல. ஆனா, சி டிரைவ் ரொம்பிப்போச்சுன்னு போன தீபாவளிக்கு ஒரு வீடியோ பாத்து, அந்தாளு சொன்னதையெல்லாம் அடிச்சுக்கிட்டிருந்தியே, ஞாபகம் இருக்கா? அந்த ஹைபர்ஃபில், ராம் அளவுல ஏறக்குறைய 40 சதவீதம் டிஸ்க்ல இடம் பிடிக்கும். 16 ஜி.பி. ராம்னா 6 ஜி.பி.க்கு மேல. இடம் கெடைச்சுதுன்னு நீ துள்ளிக் குதிச்சே, நோட்டைக் கிழிச்சுப் போட்டதைக் கவனிக்கல. அதே பவர்சிஎஃப்ஜி, சாய்வுகோடு ஹெச், இடம் விட்டு ஆன். அவ்வளவுதான். இன்னொரு வில்லங்கமும் உண்டு. இந்தக் கோப்பை ரெட்யூஸ்ட்னு சுருக்கி வைக்க முடியும். சுருக்கினா 20 சதவீதம்தான், ஆனா ஹைபர்னேட் வேலை செய்யாது. டைப்பை ஃபுல்லுக்கு மாத்தணும்.

ஆன் பண்ணின பொறகும் மெனுவுல தெரியலைன்னு அழாதே. விண்டோஸ் 8 வந்ததுலருந்து அதை ஒளிச்சுத்தான் வச்சிருக்காங்க. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போ. பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற இடத்தைத் தொறந்து, இப்ப மாத்த முடியாத செட்டிங்கை மாத்துறேன்னு ஒரு வரி இருக்கும், அதை அழுத்து. கீழ ஹைபர்னேட்டுக்குக் கட்டம் தெரியும். டிக் அடி, சேவ் பண்ணு. கல்யாண வீட்டுல பந்தி எங்கன்னு மட்டும் கேக்காமலே கண்டுபிடிக்கிறவனுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல.

தானாப் போகலைன்னா வேற கதை. அதே பவர்சிஎஃப்ஜியில சாய்வுகோட்டுக்கு அப்புறம் ரிக்வெஸ்ட்ஸ்னு அடி. யாரு தூங்கவிடாம இழுத்துப் பிடிச்சிருக்கான்னு பேரைச் சொல்லும். பெரும்பாலும் ஓடிக்கிட்டிருக்கிற பாட்டு, வீடியோ, இல்லாட்டி பாதியில நிக்கிற மீட்டிங். நீ பாட்டைப் போட்டுட்டுப் படுத்திருவே, பொட்டி உனக்காக முழிச்சிருக்கும். உன்மேல அதுக்கு இருக்கிற அக்கறை அதுமேல உனக்கு இல்ல. ஆனா ஒண்ணு, இவங்க எல்லாம் தானாத் தூங்குறதைத்தான் தடுப்பாங்க. நீயே ஹைபர்னேட்டை அழுத்தியும் போகலைன்னா இவங்களைத் திட்டாதே, டிரைவரைப் பாரு.

போயிட்டுத் திரும்பி எந்திரிக்குதா? பவர்சிஎஃப்ஜியில லாஸ்ட்வேக்னு கேட்டா கடைசியா எழுப்பினவனைக் காட்டிக்குடுக்கும். வேக்டைமர்ஸ்னு கேட்டா அலாரம் வச்சுக்கிட்டு எவன் காத்திருக்கான்னும் சொல்லும். ராத்திரி அப்டேட் போடணும்னு விண்டோஸே அலாரம் வச்சுக்கிறதும் உண்டு. மவுஸ், நெட்வொர்க் கார்டு ரெண்டு பேரையும் டிவைஸ் மேனேஜர்ல புடிச்சு, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல, கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதின்னு இருக்கிற டிக்கை எடு. ஹைபர்னேட்லருந்து மவுஸ் எழுப்புறது எல்லா போர்டுலயும் நடக்காது. ஆனா ஸ்லீப்புல கெடந்தா, மேல ஃபேன் சுத்தி மேஜை லேசா ஆடினாக்கூடப் போதும், ஆப்டிக்கல் மவுஸ் நகர்ந்துட்டதா நெனச்சுத் தட்டி எழுப்பிரும்.

கறுப்புத் திரையா நின்னு ஃபேன் மட்டும் கர்ர்ருனு சுத்தினா, எனக்கு மொதச் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் மேலதான். டிரைவர் சரியாப் போடாம, விண்டோஸ் குடுக்குற சாதா டிஸ்ப்ளேயில ஓட்டினா தூக்கமே கெடையாது. பவர்சிஎஃப்ஜி ஏ போட்டப்பவே அதைச் சொல்லியிருக்கும், நீ படிச்சிருக்க மாட்டே. லேப்டாப் பண்ணின கம்பெனி வெப்சைட்லருந்து உன் மாடலுக்கான டிரைவரும் பயாஸ் அப்டேட்டும் எறக்கிப் போடு. கண்ட கண்ட பச்சைப் பட்டன்ல டவுன்லோடு பண்ணிராதே. அது வேற ஆளைக் கூட்டிட்டு வந்து வீட்டுல குடிவச்சிரும்.

பழைய பொட்டிக்காரங்க பட்ட பாட்டைப் பாத்தா உன் பாடு ஒண்ணுமில்ல. விண்டோஸ் எக்ஸ்பியில 1 ஜி.பி.யும் அதுக்கு மேலயும் ராம் போட்ட மெஷின்கள்ல சிலது ஹைபர்னேட் பண்ணச் சொன்னா "சிஸ்டம் ரிசோர்ஸ் போதலை"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. ராம் கம்மியா இருந்தவரைக்கும் ஒழுங்காத் தூங்கினது, கூட்டிப் போட்டதும் பத்தலைன்னுச்சு. நம்ம சொந்தக்காரங்கள்ல நாலு பேரு ஞாபகத்துக்கு வர்றாங்களா? பேரைச் சொல்லாதே, சுவத்துக்குக் காது இருக்கு. அப்புறம் மைக்ரோசாஃப்ட்டே திருத்தம் விட்டுச்சு.

புது லேப்டாப்புல இன்னொரு கூத்து. பவர்சிஎஃப்ஜி ஏ போட்டு எஸ்0 லோ பவர் ஐடில்னு வந்தா, உன் பொட்டிக்குப் பழைய எஸ்3 தூக்கம் இல்லைன்னு வச்சுக்க. செல்போன் மாதிரி அரைக்கண்ணுத் தூக்கம்தான். மூடிப் பையில போட்டுட்டு பஸ் ஏறுவே, அது உள்ள உக்காந்து மெயில் பாத்துக்கிட்டிருக்கும். கோயம்புத்தூர்ல எறங்குறப்போ பை இட்லிச்சட்டி மாதிரி கொதிக்கும், சார்ஜும் இருக்காது. பவர் ஆப்ஷன்ஸ்ல, மூடினா ஸ்லீப்னு இருக்கிறதை ஹைபர்னேட்டுக்கு மாத்து. இது ஒண்ணைச் செஞ்சாலே உன் புலம்பல்ல பாதி கொறையும்.

வீட்டுல மேஜைக் கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்கும் சொல்லிரு. யு.பி.எஸ்.ஸுக்குப் பின்னால யு.எஸ்.பி. ஒயர் ஒண்ணு இருந்தா அதைச் சும்மா சுருட்டி வைக்காம மெஷின்ல சொருகணும். விண்டோஸ் அதை பேட்டரியாப் பாக்கும். பேட்டரி அடிமட்டத்துக்குப் போனா ஹைபர்னேட்னு வச்சிட்டா, கரண்டு போய் நீ டீக்கடையில அரட்டை அடிச்சாலும் அது தானே எழுதி வச்சிட்டுப் படுத்துரும்.

ஒரே பொட்டியில லினக்ஸும் வச்சிருக்கேன்னு பெருமை அடிச்சியே, அதுலயும் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் ஹைபர்னேட்ல கெடக்குறப்போ லினக்ஸ்லருந்து அந்த டிரைவுல எழுதப் பாக்காதே. ஃபைல் கெட்டுப்போகும்னுதான் அது எழுத மறுக்குது. நீ பலவந்தம் பண்ணினா அப்புறம் என்கிட்ட வராதே.

இவ்வளவு பண்ணியும் தூங்கலைன்னா ஷட்டௌன் பண்ணிட்டுப் போயிரலாம்னு பாப்பே. அதுலயும் ஒரு திருட்டுத்தனம் இருக்கு மருமகனே. 2012-ல விண்டோஸ் 8 ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு கொண்டாந்துச்சு. ஷட்டௌன் பண்ணினாலும் கெர்னலையும் டிரைவர்களையும் அதே ஹைபர்ஃபில்ல எழுதி வச்சிட்டுத்தான் அணையும். நீ தெனம் அணைச்சு அணைச்சுப் போட்டும் கோளாறு போகலைன்னு தலையப் பிச்சுக்கிறது இதனாலதான். எதையும் எழுதி வைக்காம மொதல்லருந்து ஆரம்பிக்கணும்னா ரீஸ்டார்ட் குடு. ரீஸ்டார்ட்டுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கெடையாது. மொதல்ல அதைச் செஞ்சு பாரு. ஃபார்மேட் அடிக்கிறேன்னு சொன்ன கடைக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா, போய்த் திருப்பி வாங்கிட்டு வா.