மைதானத்துச் சைக்கிளும் மலைச் சைக்கிளும்

எங்கள் ஊருக்குச் சைக்கிள்காரர் வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு யாரும் வீட்டில் படுக்க மாட்டார்கள். எண்பதுகளில் அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியும். பெயர் தெரியாது, ஆளைத் தெரியும். பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில் ஒரு கம்பம், அதில் குழாய் ஸ்பீக்கர், சுற்றிலும் டியூப்லைட். ராத்திரி பகலாகத் தரையில் கால் ஊன்றாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். ஓட்டியபடியே குளிப்பார், சட்டை மாற்றுவார், தட்டை ஒரு கையில் ஏந்திச் சாப்பிடுவார். சாயங்காலம் ஆனால் வித்தை: ஹேண்டில்பார்மீது உட்கார்ந்து பின்புறமாக ஓட்டுவார், தண்ணீர்க் குடத்தைப் பல்லால் தூக்குவார்.

சோறாக்கி முடித்த பெண்கள் பாயும் போர்வையுமாக வந்து பிள்ளைகளை மைதானத்து ஓரத்தில் படுக்க வைப்பார்கள். நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் முதலில் காதில் விழுவது எண்ணெய் காய்ந்த செயினின் சத்தம். ஆள் இன்னும் இறங்கவில்லை என்று நிச்சயமான பிறகுதான் மறுபடி தூக்கம். கடைசி நாள் அவர் சட்டையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகளைக் குத்தி அனுப்புவார்கள். நான் கண்ணால் பார்த்த முதல் விளையாட்டு வீரர் அவர்தான். வித்தைக்காரர் என்ற பேரோடு அவரை நிறுத்திக்கொண்டோம். அது நியாயமில்லை.

அன்றைக்குச் சைக்கிள் மிதிப்பவருக்கெல்லாம் ஒரே ஆசை, மிதிப்பதிலிருந்து விடுதலை. செட்டிகுளத்துச் சின்ன வெங்காய மூட்டையைக் கேரியரில் கட்டி எதிர்காற்றில் மிதித்த அப்பா, ஒரு மினி பஸ் வந்தால் போதும் என்பார். பஸ் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது. இப்போது காரின் தலையில் சைக்கிளைக் கட்டி மலைக்குக் கொண்டுபோய், அங்கே இறக்கி மிதிக்கிறார்கள்.

அதைப் பார்க்கத்தான் ஒரு டிசம்பரில், வாரக்கடைசியோடு ஒரு நாள் லீவு சேர்த்து அண்ணன் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ 2008இல் தொடங்கியது. முழுக்கப் போட்டி என்று சொல்ல முடியாது. நாள்கணக்கில் நீலகிரியைச் சுற்றும் பயணம். சில இடங்களில் மட்டும் நேரம் குறிப்பார்கள். அதில் பேர்போனது கல்லட்டி ஏற்றம். மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏறும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகளே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும்.

தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய கேரட் வயலோரம் கூடாரம் போட்டோம். காட்டுக்குள் போட விட மாட்டார்கள், விடவும் கூடாது. அது யானை நடக்கிற இடம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். விடிகாலையில் கூடாரத் துணியில் படிந்திருந்த உறைபனியை அண்ணன் மகள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சமவெளிப் பிள்ளைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் கல்லட்டியில் அவள் முகம் மாறிவிட்டது. ஒரு வளைவுக்கு மேலே நின்றிருந்தோம். ஏறி வருபவரின் மூச்சு முதலில் கேட்கும், பிறகு கியர் மாறும் சத்தம், அப்புறம்தான் ஆள். லட்சக்கணக்கில் விலைபோகும் கார்பன் சைக்கிள்கள். ஒருவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட, தலை நிமிராமல் கடந்து போனார்.

“சித்தப்பா, கியர் இல்லாம இதுல ஏற முடியுமா?”

“கஷ்டம்மா.”

“அக்கா சைக்கிள்ல?”

அக்கா சைக்கிள், பிளஸ் ஒன் படிக்கையில் அரசாங்கம் கொடுத்தது. முன்னால் கூடை வைத்தது, நல்ல கனம். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம். எத்தனையோ பெண்கள் படிப்பை நிறுத்தாமல் இருந்ததற்கு அந்தக் கூடை வைத்த சைக்கிளும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் சைக்கிள் போட்டியிலும் இப்படிப்பட்ட சாதாரண சைக்கிள்தான் ஓடுகிறது. கியர் வைத்ததற்கு இடமில்லை. 13 வயதுக்குட்பட்ட மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர், அதற்கு மேல் 15. பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்தத் தூரத்தைச் செருப்புக் காலோடு மிதித்து ஜெயிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மலை ஏறுகிற கால்கள் அவை. மலையும் தூரத்தில் இல்லை. துறையூர் தாண்டினால் பச்சைமலை. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குத் தார் ரோடு ஏறுகிறது. இந்த ரோட்டில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஏற்றப் போட்டி வைக்க வேண்டும், கியர் சைக்கிளை அரசே அவர்கள் கையில் கொடுத்து. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன்.

இன்னொன்றும் வேண்டும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. பழகுவதற்கென்று காலையில் ஒரு மணி நேரமாவது லாரி வராத ரோடு கிடைக்க வேண்டும்.

செப்டம்பர் போட்டிக்கு அண்ணன் மகள் பெயர் கொடுத்தாயிற்று. அக்கா சைக்கிள்தான். பிரேக் கட்டையும் பின் டயரும் மாற்றக் கடையில் விட்டிருக்கிறோம்.