ஒரு டன் கடல், 80 ரூபாய்

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். அவ்வளவுதான், சுற்றுப்பட்டு ஜனம் செல்பேசியும் கையுமாகத் திரண்டுவிட்டது. நிலவியல் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி மண் இறுகி உருண்ட கல் என்றார்கள். ப்பூ, இவ்வளவுதானா என்று கூட்டம் கலைந்தது. 2009இல் செந்துறைப் பக்கம் அடித்ததும் இதே முட்டைக் காய்ச்சல்தான்.

குன்னத்தில் கடல் இருந்தது என்று ஒருவர் சொல்கிறார். அதைக் கேட்டுவிட்டு நாம் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போகிறோம். இந்த ஜனத்துக்கு இந்த அரசு பொருத்தம்தான்.

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்த கடல் அது. ஏறியும் இறங்கியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் இங்கே குடியிருந்துவிட்டுப் போயிற்று. காரை என்ற ஊரின் வெட்டவெளியில் பெலம்னைட் என்ற கடலுயிரியின் மிச்சம் காலடியில் இடறும். கண் கூர்மையானவர்களுக்குச் சுறாப்பல்லும் அகப்படும். கல்லங்குறிச்சியில் சிப்பிகள் அடுக்கடுக்காய் உறைந்து பாறையாகவே ஆகிவிட்டன. டைனோசர்கள் ஒழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லைக்கு அந்தப் பக்கத்துப் படிவும் உண்டு, இந்தப் பக்கத்துப் படிவும் உண்டு. 1840ஐ ஒட்டி இதையெல்லாம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பிய கே, கன்லிஃப் இருவரும் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரிகள். இது அவர்கள் வேலையே அல்ல. பின்னால் பிளான்ஃபோர்டு வந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று படிவுகளைப் பிரித்தார். ஸ்டோலிஸ்கா கல்கத்தாவில் உட்கார்ந்து இந்தச் சங்குகளைப் பற்றித் தடிதடியாகத் தொகுதிகள் எழுதினார். கொள்ளையடிக்க வந்தவர்கள்தான். ஆனால் என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தார்கள். நமக்கு அந்தத் தகுதியும் இல்லை.

கல்லமேட்டுக் கதை தெரியுமா? 1980களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் பேரளவான எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். புருகத்காயோசாரஸ், பேருடல் கொண்டது என்று பெயர் வைத்தார்கள். கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். பூமியில் நடந்த விலங்குகளில் மிகப் பெரியது இதுவாகவே இருக்கலாம் என்று பேச்சு. 2023இல் வந்த ஒரு கணக்கு இதை நீலத் திமிங்கலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. சரி, எலும்பு எங்கே? இல்லை. எடுக்கும்போதே பொடியத் தொடங்கியது. துறையின் அலமாரிக்குப் போய்ச் சேருவதற்குள் உதிர்ந்து மண்ணாகிவிட்டது. மிஞ்சியவை சில வரைபடங்கள், சில மங்கிய புகைப்படங்கள். எலும்பைக் காட்டு என்றால் காட்ட ஏதுமில்லை என்பதால், அது கல்மரத் துண்டாக இருக்கும் என்றுகூட வெளியில் சந்தேகப்பட்டார்கள். களத்தில் எடுத்த பழைய படங்கள் சில வெளிச்சத்துக்கு வரவே 2022 ஆயிற்று.

கண்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களும் இல்லாவிட்டால் அந்தப் பெயர்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் நொறுங்கும் எலும்புக்கு உலகமெங்கும் வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டு: சாக்குத் துணியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்துச் சுற்றுவது. அந்த பிளாஸ்டர் எதிலிருந்து வருகிறது? ஜிப்சத்திலிருந்து. காரைப் பக்கம் போனால் தரையெங்கும் வரிவரியாய் மின்னிக்கொண்டு கிடக்கிறதே, அதே ஜிப்சம். மருந்து பக்கத்து வயலில், நோயாளி சுடுகாட்டில். சுமார் 7 கோடி ஆண்டு தாக்குப் பிடித்த எலும்பு, நம் நிர்வாகத்தின் கைக்கு வந்த பிறகுதான் தாங்கவில்லை.

இந்தப் பாறைகளைத் தோண்டியெடுக்கும் சிமெண்ட் ஆலைகளை மட்டும் திட்டக்கூடாது. நிலவியலுக்கு அவர்களைப் போல உழைத்தவர் யார்? எந்தப் பல்கலைக்கழகத்தால் இவ்வளவு ஆழமாகத் தோண்ட முடியும்? பாறையின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிக் காட்டுவது அவர்கள்தான். புரட்டிய பக்கத்தை அன்றைக்கே சூளையில் போட்டுவிடுகிறார்கள், அது ஒன்றுதான் சின்னக் குறை. 1450 டிகிரியில் சிப்பி கிளிங்கராகிறது. கோடி கோடி ஆண்டுகளாக அது தன் ஓட்டுக்குள் அடைத்து வைத்திருந்த கரியமில வாயு புகைக்கூண்டு வழியே வானத்துக்குப் போகிறது. பிறகு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் மூட்டை தயார். ஆம், ஜிப்சம். இதற்கு மட்டும் அது தவறாமல் கிடைக்கிறது.

விலையும் நியாயமான விலைதான். 2014இல் ஒன்றிய அரசு சாதாரண ரகச் சுண்ணாம்புக்கல்லுக்கு நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். சிப்பியோடு சேர்த்து, சங்கோடு சேர்த்து, பார்த்தவரே இல்லாத ஏதோ ஒரு மீனின் முதுகெலும்போடு சேர்த்து, ஒரு டன் கடல் 80 ரூபாய். சங்குக்குத் தனியாக ஒரு பைசா கேட்கவில்லை. இதே அம்மோனைட் கண்டகி ஆற்றில் கிடைத்தால் அதன் பெயர் சாளக்கிராமம். பட்டுத்துணி விரித்து, பாலில் குளிப்பாட்டி, துளசி சாத்துவோம். அரியலூரில் பிறந்த பாவத்துக்கு டிப்பரில் ஏறுகிறது.

டால்மியாபுரம் என்ற பெயரை எடுக்கச் சொல்லி 1953இல் கல்லக்குடியில் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்த நாடு இது. அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பவளமும் பாசியும் கட்டிய பழங்காலத் திட்டு ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. உலக ஆய்வேடுகளில் அதன் பெயர் இன்றைக்கும் டால்மியாபுரம் படிவு. ரயில் நிலையப் பலகையில் பெயர் மாறியது. பாறை யார் பெயரில் இருந்தால் நமக்கென்ன? அது ஓட்டுப் போடாது.

சட்டமா? இருக்கிறதே. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் ஒளித்து வைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு கிழவி பானைக்குள் புதைத்த காசுக்கு அரசின் கவனம் உண்டு. கடல் புதைத்து வைத்ததற்கு இல்லை. நிலவியல் மரபிடங்களையும் புதைபடிவங்களையும் காக்க 2022 டிசம்பரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தோண்டுவதற்கு விதி வகுக்கும் அமைச்சகமே காப்பதற்கும் சட்டம் எழுதுகிறது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பதை இத்தனை வெளிப்படையாகச் செய்ததற்குப் பாராட்ட வேண்டும்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டிய சாத்தனூர் கல்மரத்துக்கு வேலி இருக்கிறது, பலகை இருக்கிறது. 18 மீட்டர் நீளத்துக்கு அது படுத்திருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பது அதன் பாதுகாப்பில் பாதி. வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கல்லைக் காட்டி, தொடாதே என்கிறோம். தொட்டால் கெட்டுவிடுமாம். அதன் உடன்பிறப்புகளைச் சுமந்துகொண்டு லாரிகள் அதே மாவட்டச் சாலையில் தார்ப்பாய் பறக்கப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆலையை மூடச் சொல்லவில்லை. எனக்கும் சிமெண்ட் வீடுதான். கேட்பது இவ்வளவுதான்: சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு, பொக்லைன் வாளி இறங்குவதற்கு முன், நிலவியல் படித்த ஒருவர் சுத்தியலும் கேமராவுமாக ஒரு மணி நேரம் அந்தக் குவியலைப் பார்க்கட்டும். நிலவியல் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் லாரிக்கு எத்தனை நடை போச்சு என்று கம்பெனிக் கணக்குப்பிள்ளை பென்சிலை எடுப்பார். எடுக்கட்டும். அந்த நஷ்டத்தைக் கம்பெனி ஏற்க வேண்டாம். டன்னுக்கு வரும் அந்த 80 ரூபாயில் கழித்துக்கொள்ளட்டும். கஜானாவில் அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால், கல்லமேட்டில் அடுத்த எலும்பு தலைகாட்டும்போது சுற்றுவதற்கு இரண்டு மூட்டை பிளாஸ்டரும் நாலு சாக்கும் வாங்கி வைக்கலாம்.