பவரா ஒண்ணு கொடுங்க

"ஆசிட், பினாயில், சோப்பாயில், பிளீச்சிங் பவுடர்!" என்று ஒலிபெருக்கி கட்டிய டிவிஎஸ் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், பக்கத்து வீட்டு மாமி கேட்கும் முதல் கேள்வி, "நல்லா பவரா இருக்குமாப்பா?" என்பதுதான். வியாபாரியும் சளைத்தவரல்ல. "கையில பட்டா தோல் உரிஞ்சிடும்மா" என்பார். அது எச்சரிக்கையா விளம்பரமா என்பது இன்றுவரை விளங்கவில்லை. மாமிக்கு விளம்பரம்தான், இரண்டு பாட்டில் வாங்கிவிடுவார்.

போர் தண்ணீர் தரையில் விட்டுப்போகும் வெள்ளைக் கறையும், மார்பிள் கல்லும் ரசாயனப்படி ஒரே குடும்பம்: கால்சியம் கார்பனேட். கறையைக் கரைத்துவிட்டு அதன் சொந்தக்காரனைச் சும்மா விட ஆசிட்டுக்குத் தெரியாது. மொசைக் தரை பளபளப்பு இழந்து சொரசொரத்துப் போவது இப்படித்தான். அதைவிட வில்லங்கம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் கலப்பது. வருவது குளோரின் வாயு. 1915-இல் பெல்ஜியப் போர்முனையில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்ட அதே சரக்கு. நம் வீடுகளில் அதை ஜன்னல் இல்லாத பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு தயாரிக்கிறோம்.

ஆசிட்டுக்குப் பயந்தவர்கள் மொபைலைப் பார்த்து வினிகரில் சமையல் சோடாவைக் கொட்டுகிறார்கள். புஸ்ஸென்று பொங்கும்; வீடே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிச்சம் கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். கறை நகராது. பார்த்தவர்களுக்குத் திருப்தி.

எது பவர் என்று கேட்கிற யாரும், சுவரில் என்ன பூசியிருக்கிறது என்று கேட்பதில்லை. டிஸ்டெம்பர் சுவரை ஈரத்துணியால் தேய்த்தால் கறைக்கு முன் டிஸ்டெம்பர் துணிக்கு வந்துவிடும். எமல்ஷனுக்குப் பாத்திரம் தேய்க்கிற லிக்விடை வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு விட்டு, மெத்தென்ற துணியால் ஒற்றினால் போதும். கதவுக்கு அடித்த எனாமல் எண்ணெய்ச் சரக்கு. அதன்மேல் காஸ்டிக் சோடாவைப் போட்டால் அந்த எண்ணெயே சோப்பாக மாறிக் கையோடு வரும். மாஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிற வெள்ளைக் கட்டி உண்மையில் மிக மிக நைசான உப்புத்தாள். குழந்தையின் கிரேயான் கிறுக்கல் போகும். கூடவே பெயின்டின் பளபளப்பும் போகும். அப்புறம் அந்த ஒரு இடத்தை வைத்து, மற்ற சுவர் எவ்வளவு அழுக்கு என்று விருந்தாளிகள் கண்டுபிடிப்பார்கள்.

மஞ்சள் கறை தனி நாடகம். சமையலறைச் சுவரில் தெறித்த சாம்பாரின் மேல் சோப்புத் தூளைப் போட்டதும், மஞ்சள் ரத்தச் சிவப்பாகும். எங்கள் அத்தை அலறியே விட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கிற அதே அத்தை! காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் வெளுக்கும். துணி என்றால் மொட்டைமாடியில் காயப் போடலாம். சுவரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இத்தனை கறையிலும் எந்தப் புட்டிக்கும் மசியாதது ஒன்று உண்டு. ஹாலில் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால், அவர் தலை சாய்கிற உயரத்தில், வட்டமாகத் தேங்காய் எண்ணெய். புதிதாகப் பட்டபோதே சோப்புத் தண்ணீர் காட்டியிருந்தால் போயிருக்கும். இப்போது சுவருக்குள் ஊறிவிட்டது.

பெயின்டர் விரலால் தடவிப் பார்த்தார். "மேல எமல்ஷன் அடிச்சாலும் எண்ணெய் எட்டிப் பார்க்கும் சார். ஆயில் பிரைமர் அடிச்சுத்தான் ஆகணும். இல்லேன்னா, ஐயா சேரை ரெண்டடி முன்னாடி இழுத்துப் போட்டுக்கட்டும். செலவே இல்ல."

"அங்க ஃபேன் காத்து வராது," என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல்.