நடுக்கடலில் கொல்லிப் பாவை

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி உட்கார்ந்துகொண்டு சூரை மீனைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் கொல்லிமலையில் மிளகும் பலாவும் உண்டு, கடல் இல்லை. ஆனால் கொலைத் தொழிலில் எங்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பரம்பரை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூறு பாடும் வல்வில் ஓரி எங்கள் ஆள். சிரித்தே ஆளைக் கொன்ற கொல்லிப் பாவையும் இந்த மலைக்காரிதான். இரண்டு பேரையும் ஐரோப்பியக் கப்பல்காரர்கள் களவாடிக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் என் புகார்.

முதலில் பாவை. அவள் இப்போது இந்தியப் பெருங்கடலில் மிதக்கிறாள். மூங்கிலோ பிளாஸ்டிக்கோ கட்டிய ஒரு தெப்பம். அடியில் பல மீட்டர் ஆழத்துக்குத் தொங்கும் கயிற்று வால். மேலே செயற்கைக்கோளோடு பேசும் மிதவை. வெட்டவெளிக் கடலில் எது மிதந்தாலும் அதனடியில் மீன் கூடும். கூடியது எத்தனை டன் என்று மிதவையின் ஒலிமானி அளந்து கப்பலுக்குச் சொல்லிவிடும். பழைய பாவைக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும், எடை போடத் தெரியாது. மலைக்கு ஒருத்தியாகவும் இருந்தாள். இவர்களோ கப்பலுக்கு 300 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் தீர்மானமே போட்டுக்கொண்டார்கள்.

அவள் சிரிப்பில் மயங்கி வருவது யார்? வரிச்சூரைக் கூட்டமும், அதோடு கலந்து திரியும் மஞ்சள்துடுப்புச் சூரையின் குட்டிகளும். அந்தக் குட்டி அதுவரை பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய வெதுவெதுப்பான மேல்நீரில், முக்கியமாக டிசம்பர் முதல் மார்ச் வரை, தாய் மீன் இரவில் முட்டையிடுகிறது. ஒரே தடவையில் பத்து லட்சத்துக்கு மேலும் விடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி போன்ற முட்டைக்குள் மிதப்பதற்கென்று ஒரு சொட்டு எண்ணெய். ஏறக்குறைய ஒரு நாளில் பொரிகிறது. பொரிந்ததற்கு வாய் திறந்திருக்காது, பார்வை வந்திருக்காது. கட்டுச்சோறாக வந்த மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் கண்ணும் வாயும் திறந்து, கண்ணுக்குத் தெரியாத இரையைப் பிடிக்கக் கற்றால் பிழைப்பு. பிறகு தலை பெருக்கிறது, தாடை அகலுகிறது. கூடப் பிறந்ததையே விழுங்குகிறது. (இதுவரைக்கும் அரசியல் கட்சிதான்.) அத்தனை லட்சத்தில் தப்பிய ஒன்றிரண்டு, ஓராண்டில் அரை மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, 'அப்பாடா, நிழல்' என்று தெப்பத்தடியில் ஒதுங்கும். அது தாயாக இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் வளர வேண்டும். வளர விட்டால்தானே.

அடுத்தவன் ஓரி. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 200 மீட்டர் ஆழமும் கொண்ட சுருக்குமடி வலைதான் அவன் வில். ஒரே சுருக்கில் வரிச்சூரை, மஞ்சள்துடுப்புக் குட்டி, பெருங்கண் சூரைக் குட்டி, சுறா, ஆமை. யானை ஒன்றுதான் பாக்கி. அசல் ஓரி வேட்டைக்கறியைப் பாணருக்குக் கொடுத்தான். இவர்கள் டின்னில் அடைத்து, கடலைக் காக்கும் மீன் என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம், இந்தப் பாவைகளுக்கு ஆண்டுக்கு 72 நாள் ஓய்வு கொடுக்கலாம் என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. ஜூலை 1 முதல் செப்டம்பர் 11 வரை. மீன்பிடிப்பையே நிறுத்தச் சொல்லவில்லை. தெப்பம் வைத்துப் பிடிப்பதை மட்டும். இந்தக் கடலின் கரையில் ஒரு சாண் கூட இல்லாத ஸ்பெயினின் கப்பல்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தது. அறிவியல் ஆதாரம் போதாதாம். பின்னாலேயே மற்றவர்களும் எழுதினார்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்தது, தீர்மானம் கருவிலேயே செத்தது. வலைக்குள் வந்தவனுக்கு வலையை மறுக்கும் உரிமை தரும் சட்டம் இது. மீனுக்குத்தான் அந்த உரிமை இல்லை.

இங்கே ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகைக் கரையில் கட்டிப்போடுகிறார். மீன் இனப்பெருக்கக் காலம், ஆகவே தடை. நிவாரணம் 8,000 ரூபாய். ஆட்சேபனைக் கடிதம் அனுப்ப அவருக்கு விலாசம் யாரும் தரவில்லை. அதே 2023-இன் ஜனவரியில், தமிழ்நாட்டுச் சுருக்குமடி மீனவருக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. பள்ளிக்கூட மணி மாதிரி. அதே வலையை மலை அளவுக்குப் பெரிதாக்கி, வெள்ளைக் கப்பலில் கட்டிவிட்டால் ஏழு நாளும் வியாழக்கிழமைதான்.

நம் அரசு மட்டும் யோக்கியமா? மஞ்சள்துடுப்புச் சூரைக்கு 2021-இல் ஆணையம் அளவு கட்டியபோது, முறைப்படி ஆட்சேபித்தவர்களில் இந்தியாவும் ஒன்று. 2017-இல் பாக் நீரிணை மீனவரைக் கூப்பிட்டு, இழுவைப்படகை விட்டுவிடு, 80 லட்ச ரூபாய்ப் படகு தருகிறோம், 70 விழுக்காடு மானியம், ஆழ்கடலுக்குப் போய்ச் சூரை பிடி என்று வழியும் காட்டினார்கள். போகிறவர் தூண்டில் போட்டுத் தாய்ச் சூரைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தாய் அரை மீட்டராக இருந்தபோதே டின்னுக்குள் போய்விட்டது என்பதை மட்டும் திட்ட அறிக்கையில் யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

எங்கள் அறப்பளீஸ்வரர் கோவிலுக்குக் கீழே ஆற்றில் மீன்கள் உண்டு. பொரி போடுவோம், பிடிக்க மாட்டோம். எப்போதோ ஒருவர் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது, துண்டுகளெல்லாம் ஒன்று சேர்ந்து உயிரோடு துள்ளி ஆற்றுக்குள் ஓடிவிட்டதாக ஐதீகம். எந்தத் தீர்மானமும் இல்லாமல், எந்த வாக்கெடுப்பும் இல்லாமல், அந்தப் பயத்திலேயே மலைச்சனம் இன்றுவரை வலை வீசாமல் இருக்கிறது.

ஆகவே சீஷெல்ஸில் இருக்கும் ஆணைய அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். அறப்பளீஸ்வரரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுத்த மீனைப் பொருத்திய முன்அனுபவம் உள்ளவர். அனுப்புமுன் பூசாரியிடம் ஒரு டின்னைத் திறந்து காட்டினேன். உதிரி உதிரியாகக் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இதுல எதை எதோட சேக்கச் சொல்றீங்க?"