சூரை மீன் காசரோல்

கேள்வி: அமெரிக்க இல்லங்களில் டப்பி மீனையும் நூடுல்ஸையும் கலந்து சுடுகிறார்களே, அந்தக் காசரோலில் அப்படி என்ன மகத்துவம்?

பதில்: மகத்துவம் பதார்த்தத்தில் பாதி, அது வந்து சேரும் வேளையில் பாதி. 1934-இல் காம்பெல் கம்பெனியார் காளான் சூப்பை டப்பியில் அடைத்து விற்கத் தொடங்கியபின், வெண்ணெயும் மாவும் பாலும் சேர்த்துப் பதம் பார்த்துச் சாஸ் கிண்டும் சிரமம் நீங்கவே, பகலெல்லாம் உழைத்துக் களைத்த தாயும் அலமாரியைத் திறந்து, சூப் டப்பியும் சூரை மீன் டப்பியும் முட்டை நூடுல்ஸும் ஒரு பிடி பட்டாணியும் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் குடும்பத்துக்கே ஆகாரம் சித்தம் செய்துவிட முடிந்தது. இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு: நூடுல்ஸை முக்கால் வேக்காட்டிலேயே வடித்துவிட வேண்டும், மிச்சக் கால் வேக்காட்டுக்கு அது ஓவனுக்குள் சூப்பைக் குடித்தபடியே வெந்துகொள்ளும். பொறுமையாக முழுக்க வேகவைத்தவர்களுக்குக் கிடைப்பது களிதான்! மேலே நொறுக்கித் தூவிய உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொன்னிறமாகும் ஓரத்துக்காகக் குழந்தைகள் செய்யும் யுத்தம் தனி. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் துக்கம் நேர்ந்த வீட்டுக்கும், வார்த்தை வராத அண்டை வீட்டார், இத்தகைய பாத்திரம் ஒன்றைச் சூடாக மூடி எடுத்துச் சென்று, வாசலில் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.