தூளியும் கால் கட்டைவிரலும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வே நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது மரபல்ல. ஆகவே, குழந்தையின் முதல் ஆண்டில் வீட்டில் புழங்கும் சாமான்களைப் பற்றி இதுவரை ஆய்வே நிகழவில்லை. ஆய்வுக் களம் எங்கள் வீட்டுக் கூடம். மாதிரி ஒன்று, பிறந்தபோது எடை 3.1 கிலோ. மாதிரியின் எண்ணிக்கை போதாது என்று புறத்தேர்வாளர் சொல்லக்கூடும். இரண்டாவது மாதிரி பற்றி என் மனைவியிடம் அவரே பேசிக்கொள்ளட்டும்.

முதலில் இலக்கியச் சான்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் ஆகிய ஐந்தும் முதல் ஆண்டுக்குள் முடிந்துவிடும். புலவர்கள் மணி பதித்த தொட்டிலைப் பாடினார்கள். அடியில் விரிக்கும் ரப்பர் ஷீட்டைப் பாடவில்லை. அக்காலக் குழந்தைகள் மூத்திரம் போகவில்லை என்று இதிலிருந்து நிறுவி ஒருவர் முனைவர் பட்டம் வாங்கலாம். இதைவிட மெலிந்த சான்றுக்கெல்லாம் வாங்கியிருக்கிறார்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. எதிரில் இருப்பவர் தூங்கும்வரை நாக்கை ஆட்டும் இக்கலை இன்று கருத்தரங்குகளில் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

இனி வகைப்பாடு. சாமான்கள் இருவகைப்படும்: வாங்கியவை, பயன்பட்டவை. தள்ளுவண்டி முதல்வகை, எங்கள் தெருவில் அது நான்கு அடி உருண்டது, இப்போது அதன்மேல் துண்டு காய்கிறது. பாலாடை இரண்டாம் வகை; வேலையை ஒழுங்காகச் செய்ததால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கிலுகிலுப்பை ஒலிக்கும். லங்கோடு மூன்று டஜன் வெயில் காலத்துக்குப் போதும். ஐப்பசி அடைமழையில் எத்தனை டஜனும் போதாது. ஈர லங்கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசனை எழும். அதற்குத் தமிழில் சொல் உண்டு, ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நடைவண்டியைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டால் இது ஆய்வுக் கட்டுரையே ஆகாது. பட்டினப்பாலையில் பிள்ளைகள் குதிரையில்லாமல் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. எங்கள் நடைவண்டிக்கும் சக்கரம் மூன்று, குதிரை இல்லை. நிறுவப்பட்டது. புலவர் சொல்லும் ‘முக்கால்’ என்பதை எண்ணாகக் கொண்டு, தச்சர் முழுசாக முடித்துத் தராத வண்டி என்று பொருள் சொல்லவும் இடமுண்டு. எங்கள் தச்சரை அறிந்தவர்கள் இதையே ஏற்பர்.

இனி அரசுகள். பின்லாந்து அரசு 1938 முதல் கொடுத்துவரும் பேறுகாலப் பொதியின் அட்டைப்பெட்டியே குழந்தைக்குப் படுக்கையும் ஆகிறது. தமிழ்நாடு அரசு 2015-இல் தொடங்கிய குழந்தைகள் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். இரண்டிலும் ஒரு பழைய சேலை இல்லை. இங்கேதான் நமது ஆய்வு உண்மையில் தொடங்குகிறது.

தூளி. ஈழத்தில் ஏணை. தொட்டில் என்பாரும் உளர். சொல்லாய்வு: தொட்டு + இல், ‘தொட்டபின் தூக்கம் இல்லை’ என்பது பொருள். தூளி என்பதற்குப் பொடி என்றும் பொருள் உண்டு; பொடியாவது பெற்றோரின் தூக்கம். அறிஞர்கள் இங்கே வேறுபடுவர். வேறுபடாவிட்டால் பதவி உயர்வு கிடையாது.

தூளிக்கு நூல் சேலைதான் வேண்டும். (நூல் என்பதை இரு பொருளிலும் கொள்க.) மூலபாடம் எந்தச் சேலை என்பதில் எங்கள் வீட்டில் இரு மரபுகள். நீலச் சுங்குடி தந்தைவழிப் பாடம். அரக்குக் கட்டம் போட்டது தாய்வழிப் பாடம். “நைஞ்சாத்தான் பிள்ளைக்கு உறுத்தாது” (அம்மா, கூடம், வாய்மொழி). “நைஞ்சதுல போட்டா பிள்ளை தரைக்குத்தான் போகும்” (அத்தை, சமையலறை, மேற்படிக் கூற்றுக்கு மறுப்பு, ஆனால் யாரையும் குறிப்பிடாமல், பாத்திரத்தைப் பார்த்து). “எல்லாம் அவங்க இஷ்டம்” (அத்தை, ஊரிலிருக்கும் தம் தங்கையிடம் கைப்பேசியில், கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டெழுதியது; குக்கரின் மூன்றாம் விசிலில் ஒரு வரி சிதைந்துள்ளது; சிதைந்த இடத்தில் ‘மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்பதைப் பதிப்பாசிரியர் தம் ஊகத்தால் இட்டு நிரப்பியுள்ளார்; அவ்வூகம் மறுநாள் காலை இட்லியின் எண்ணிக்கையால் உறுதிப்பட்டது). முடிவில் இரண்டு சேலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டினோம். செம்பதிப்பு என்பது இவ்வளவுதான்.

அடுத்து ஆட்டம். ஊசல் ஒருமுறை போய்வரும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. பைசா தேவாலயத்தில் தொங்கிய விளக்கைப் பார்த்துக் கலிலியோ இதற்கெல்லாம் வழி கண்டார் என்று கதை. உட்கார்ந்து விளக்கைப் பார்க்க நேரம் இருந்ததிலிருந்தே அப்போது அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பது தெளிவு. (பின்னால் மூன்று பிறந்தன.) எங்கள் தூளி கொக்கியிலிருந்து இரண்டு மீட்டர், போய்வர 2.8 விநாடி. ஐந்தாம் மாதம் எடை இரண்டு மடங்கானபோதும் அதே 2.8. ஸ்பிரிங் மாட்டினால் கணக்கு வேறு. மேலும் கீழுமாகக் குதிக்கும் குதிப்பு பிள்ளை கனக்கக் கனக்க மந்தமாகும். எடை மும்மடங்கானால் ஒரு குதிப்புக்கு 1.7 மடங்கு நேரம். இதை நான் இரவு இரண்டு மணிக்கு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணக்கிட்டேன். மணிக்குக் கிட்டத்தட்ட 1,270 ஆட்டம். எந்த ஆட்டத்தில் பாப்பா தூங்கினாள் என்பதை மட்டும் கணிக்க முடிவதில்லை. கையை எடுத்தால்தான் தெரியும். எடுத்தால் கண்ணைத் திறந்துவிடுவாள்.

ஆகவே கயிறு. தூளியின் அடிப்பக்கத்தில் ஒரு முனை, ஆய்வாளரின் வலதுகால் கட்டைவிரலில் மறுமுனை. நைலான் கயிறு அறுக்கும். தேங்காய்நார் குத்தும். பாவாடை நாடாவே சிறந்தது. மனைவியிடம் சொல்லிவிட்டு உருவுவது நெறி. முடிச்சு உருவுசுருக்காக இருக்கவேண்டும், ஏனெனில் கால் தூங்கிவிடும். கால் தூங்கும், ஆள் தூங்குவான், பாப்பா மட்டும் விழித்திருப்பாள். நான்காம் மாதம் ஒருநாள் மதியம் கேஸ் சிலிண்டர்காரர் மணியடித்தார். கயிற்றை மறந்து எழுந்தேன். ஒற்றைக்காலில் நான்கு நொண்டி நொண்டி, கதவுக்குப் பதில் பீரோவைப் பிடித்தேன். சேலைக்குள்ளிருந்து ஒரு சத்தம். பதறி விலக்கிப் பார்த்தால், பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்முறை. அத்தையும் பார்த்தார்கள். (வாய்மொழி ஏதுமில்லை; முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள்.) மறுநாள் அதே சோதனையை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். மாதிரி ஒத்துழைக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் பாப்பா தூளிக்குள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு பாடங்களையும் விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். அன்று மாலையே அவிழ்த்துவிட்டோம். சுங்குடி அம்மாவோடு ஊருக்குப் போனது. அரக்குக் கட்டத்தை அத்தை துவைத்து மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கொக்கி இருக்கிறது. போன வாரம் ஊரிலிருந்து வந்த வாழைத்தார், இரண்டு மீட்டர் கயிற்றில், அதில் தொங்குகிறது. இரவு தண்ணீர் குடிக்க எழுந்தால் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்பேன். 2.8 விநாடியில் திரும்பி வருகிறது.